சொத்து இருக்கும் இடம்: மனது

பாட்டுப் பாடினால் ஜெயிலில் போடுவார்கள் என்பது 1985-ஆம் வருடம் ஆவணி மாதம் வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாடியே இருக்க மாட்டேன். நான் அவ்வளவு பயந்தவன். கரண்ட் பில் கட்டப் போனால்கூட ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற ஆள்.

தபால்காரர் பதிவுத் தபால் என்று சொல்லிக் கையெழுத்து கேட்டார். நான் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, அவர் காட்டிய இடத்தில் ஒன்றும், காட்டாத இடத்தில் இரண்டுமாக மூன்று கையெழுத்துப் போட்டேன். குறைவாகப் போட்டால்தான் ஆபத்து என்பது என் எண்ணம். கவரின்மேல் ‘தென்மண்டல இசைச் சொத்துரிமைக் காப்புக் கழகம், வேலூர் கிளை’ என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்த விஷயம் இதுதான்: ஆரணியில் பட்டுத் தறி நெய்யும் ஜெயவேல் ஆகிய நான், ‘ஜெயவேல் மெல்லிசைக் குழு’ என்கிற பெயரில், ஆனி மாதம் ஒரு கல்யாண வரவேற்பில், உரியவர்களின் அனுமதி இல்லாமல் பதினோரு சினிமாப் பாட்டுகளைப் பொதுமக்களின் காதில் விழும்படி பாடியிருக்கிறேன். நிரூபணமானால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை.

என் மனைவி குணசுந்தரிக்கு அப்போது ஏழாம் மாதம். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ரொம்பக் கருணையான நீதிபதியாகப் பார்த்து ஆறே மாதம் கொடுத்தாலும், குழந்தை பிறக்கிறபோது நான் வேலூர் ஜெயிலில் களி தின்றுகொண்டிருப்பேன். தலைப்பிள்ளை. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து வருகிற பிள்ளை.

குழு என்றால் பெரிய பட்டாளம் இல்லை. நான் பாடுவேன். சிங்கராயர் அக்கார்டியன் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆர்மோனியமும் அவர்தான். தணிகாசலம் தபேலா. தணிகாசலம் நோட்டீஸ் விஷயம் கேள்விப்பட்ட அன்றைக்கே மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். இன்றுவரை அங்கேயே சவுக்கியமாக இருப்பதாகக் கேள்வி.

பத்து நாள் கழித்துக் கழகத்தின் ஆய்வாளர் நேரில் வந்தார். பரசுராமன் என்று பெயர். பக்கத்து வீட்டில் இரும்பு நாற்காலி வாங்கி வந்து போட்டோம். அவர் கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, கறுப்புப் பையிலிருந்து ஒரு நீளக் காகிதத்தை எடுத்தார்.

“இந்தப் பாட்டெல்லாம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?”

“டீக்கடை ரேடியோல கேட்டேங்க.”

“கேட்டதுல தப்பு இல்லை. கேட்ட பிறகு என்ன செஞ்சீங்க?”

“டீ குடிச்சிட்டு வந்துட்டேங்க.”

“பாட்டை அங்கேயே விட்டுட்டு வந்தீங்களா?”

எனக்குப் பொய் சொல்ல நாக்கு வரவில்லை. “எங்கூடயே வந்துடுச்சிங்க,” என்றேன்.

“இப்ப எங்கே இருக்கு?”

“மனசுலதாங்க கீது.”

அவர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். “சொத்து இருக்கும் இடம், மனது. அளவு, பதினோரு பாட்டு.” பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “பதினொண்ணுதானா?” என்றார்.

“முந்நூறுக்கு மேல கீதுங்க,” என்றேன். ஒரு மனிதன் பயத்தில் பொய் சொல்வான் என்பார்கள். எனக்குப் பயம் வந்தால் உண்மைதான் வருகிறது, அதுவும் கேட்டதற்கு மேல்.

பரசுராமன் பெருமூச்சு விட்டார். “உங்களை மாதிரி ஆளுங்க மனசைப் பூட்டி சீல் வைக்க இன்னும் வழி இல்லாம இருக்கு. டில்லிக்கு எழுதியிருக்கோம்.”

குணசுந்தரி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு என் பயத்தில் கால்வாசிகூடக் கிடையாது. “ஏன் சார், ரேடியோக்காரன் ஊருக்கே கேக்கற மாதிரி வெக்கறான். காத மூடிக்கினு போவச் சொல்றீங்களா?” என்று கேட்டாள்.

“நல்ல யோசனைம்மா,” என்றார் அவர். “மூடிக்கிட்டுப் போறதை எந்தச் சட்டமும் தடுக்கலை.”

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அதற்கு முன்னால் எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் நெசவுத் தெருவில் ஒருத்தர் தறியில் அழகான கரை விழுந்தால், அடுத்த மாதம் அது நாலு தறியில் விழும். அதில் தப்பே கிடையாது. ஆனால் ஒரு மரியாதை உண்டு. பார்த்து நெய்கிறவன் ஏதாவது ஒன்றை மாற்றிவிட வேண்டும். மயில் கரை என்றால் மயிலுக்கு ஒரு காலைக் குறைத்துவிடுவோம். முதலில் நெய்தவர் புடவையைப் பார்த்துவிட்டு, “இன்னாடா, என் கரை மாதிரியே கீது?” என்று வருவார். “கால எண்ணிப் பாருண்ணா,” என்போம். அவர் குனிந்து எண்ணுவார். ஒரு கால்தான் இருக்கும். சிரித்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் தெரு மயில்களில் முக்கால்வாசி ஒற்றைக்கால் மயில்தான்.

அந்த நியாயத்தில்தான் நான் பாட்டையும் பாடிவந்தேன். ஒவ்வொரு பாட்டிலும் இரண்டாவது சரணத்தில் ஓர் இடத்தை மாற்றிவிடுவேன். இசைத்தட்டில் மேலே ஏறினால் நான் கீழே இறங்குவேன். இசையமைத்தவர் என்றைக்காவது ஆரணிப் பக்கம் வந்து கேட்டால் காட்டுவதற்காக. இதை நான் ஒரு பெரிய ஆயுதமாக மனசில் வைத்திருந்தேன். ஆய்வாளரிடம் எடுத்து வீசினேன்.

“சார், நாங்க அப்படியே பாடலைங்க. எல்லாப் பாட்டுலயும் ஒரு எடத்த மாத்திதாங்க பாடிகினு வரோம்.”

பரசுராமன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “மாத்தினீங்களா?”

“ஆமாங்க. எல்லாத்துலயும்.”

அவர் பையிலிருந்து இன்னொரு காகிதம் எடுத்தார். இது சிவப்புக் கோடு போட்டது. “அப்படியே பாடினா திருட்டு. அது சின்னக் குற்றம். மாத்திப் பாடினா சிதைவு. படைச்சவரோட மானத்துக்கே பங்கம். ரெண்டும் சேர்ந்து ஒரே ஆள்மேல வர்றது எங்க கிளையில இதுதான் முதல் தடவை.” அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. “அப்படியேயும் பாடக்கூடாது, மாத்தியும் பாடக்கூடாது. இவ்வளவு எளிமையான விதி. இதைக்கூட ஜனங்க புரிஞ்சிக்க மாட்டேங்கிறாங்க.”

மூன்று காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

குழுவில் மிச்சமிருந்த எங்கள் இரண்டு பேரையும் விசாரணைக்கு வேலூர் வரச் சொன்னார்கள். நானும் சிங்கராயரும் காலை பஸ்ஸில் போனோம். கண்ணமங்கலத்தில் டிரைவர் புதிதாக வாங்கிய கேசட்டைப் போட்டார். எனக்குப் பகீர் என்றது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். ஏற்கெனவே முந்நூறு இருக்கிறது, இன்னொன்று உள்ளே போய்விட்டால் யார் பதில் சொல்வது? பக்கத்தில் பார்த்தால் சிங்கராயரின் விரல்கள் முன் சீட்டுக் கம்பியில் அந்தப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தன. நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னா ஜெயவேலு, பேஜார் பண்ற?” என்றார்.

“யாராவது பாத்துகினு இருப்பாங்கண்ணா. உங்க கால்ல வுழறேன், சும்மா இருங்க.”

வேலூர் போய்ச் சேரும்வரை நான் அந்தக் கையை விடவில்லை.

கழகத்தின் ஆபீஸ் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பெஞ்சில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் வெம்பாக்கத்து டீக்கடைக்காரர், ரேடியோவைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்த குற்றம். இன்னொருவர் தேசூர்க்காரர், மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அவர் இது மூன்றாவது வாய்தா என்று சொல்லிவிட்டுத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். உள்ளே குமாஸ்தா ஒருவர் சீட்டியடித்துக்கொண்டே கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நல்ல சினிமாப் பாட்டு. மாற்றம் ஏதுமில்லாமல் அப்படியே அடித்தார்.

கழகத்தின் தலைவர் தனகோடி, சப்-கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை மீசை. எங்களை நிற்க வைத்து முதலில் ஓர் உரை நிகழ்த்தினார்.

“நான் இருபத்திரண்டு வருடமாக ஒரு பாட்டும் கேட்டதில்லை. தீர்ப்புச் சொல்கிறவனுக்கு எந்தப் பக்கமும் சாய்வு இருக்கக்கூடாது. சிலர் கேட்கிறார்கள், நீங்கள் வசூல் செய்வதில் பாட்டுப் போட்டவருக்கு ஏன் ஒன்றும் போவதில்லை என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். போனால் என்ன ஆகும்? அவர் உற்சாகமாகி இன்னும் நாலு பாட்டுப் போடுவார். நாலு பாட்டு வந்தால் நாற்பது திருடன் வருவான். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஆய்வாளர். ஆகவே படைப்பாளிகளைப் பாதுகாப்பது என்றால், அவர்கள் படைக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.”

பரசுராமன் கை தட்டினார். நானும் தட்டினேன். சிங்கராயர் தட்டவில்லை.

பிறகு மயில் விஷயம் வந்தது. தெரு வழக்கத்தை முழுதாகச் சொன்னேன். தலைவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “காலைக் குறைத்ததற்கு மயிலின் சொந்தக்காரர் டீ வாங்கிக் கொடுப்பாரா?” என்றார்.

“ஆமாங்க ஐயா. பன்னு வேணும்னாலும் குடுப்பாரு.”

“எழுதிக்கொள்ளுங்கள். உறுப்பைச் சிதைப்பதற்கு அந்த ஊரில் ஊக்கத்தொகையும் உண்டு.”

நான் பாடியது திருட்டா சிதைவா, அல்லது எத்தனை பங்கு எது என்பதை அளந்தாக வேண்டும் என்றார்கள். அதற்கு நான் பாடிக் காட்ட வேண்டும். வாயைத் திறந்தேன். பரசுராமன் பதறிப்போய், “நிறுத்துங்க! இங்கே நாலு பேருக்கு மேல இருக்கோம். இது பொது நிகழ்ச்சி. அனுமதி இருக்கா?” என்றார். அனுமதிக்கு மனுப் போட்டால் அறுபது நாள் ஆகும். விசாரணையை முப்பது நாளுக்குள் முடிக்க வேண்டும். கேசட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்றால், கழகத்துக்கே கேசட் போட அனுமதி இல்லை. அனுமதி கொடுக்க வேண்டியதும் கழகம்தான். ஆனால் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள விதியில் இடம் இல்லையாம்.

கடைசியில் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நான் சத்தம் வராமல் பாட வேண்டும். அவர்கள் சத்தம் கேட்காமல் கவனிப்பார்கள்.

நான் பாடினேன். நாலரை நிமிடம் வாயை மட்டும் அசைத்து, மழையில் இரண்டு பேர் நனைகிற பாட்டு ஒன்றைப் பல்லவியிலிருந்து முழுதாகப் பாடினேன். அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கப் பயம். இரண்டாவது சரணம் வந்தது. தலைவர் மேசையைத் தட்டினார்.

“அங்கே மாற்றிவிட்டார்!”

உண்மையிலேயே அங்கேதான் மாற்றியிருந்தேன். பழக்க தோஷம். அந்த இடம் வந்ததும் என் புருவம் தானாக இறங்கியிருக்கிறது. ஒரு பாட்டும் கேட்காத மனிதர் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்றதும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போய்விட்டது.

“இரண்டு குற்றமும் ருசு. போலீசுக்கு எழுதிவிடலாம்,” என்றார் தலைவர்.

நான் அழுதேன். சொல்ல வெட்கம்தான், ஆனால் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “ஐயா, என் சம்சாரம் புள்ளத்தாச்சிங்க. எட்டு வருசம் கழிச்சி வர புள்ளைங்க. அது பொறக்கற அன்னிக்கி நான் வூட்ல இருக்கணுங்க. அது மட்டும் போதுங்க. இனிமே கொட்டாவிகூட சத்தமா வுட மாட்டேங்க.”

தலைவருக்கு மனசு இளகிவிட்டது. “நாங்களும் மனிதர்கள்தான்,” என்றார். பரசுராமனோடு கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார். பிறகு விதிப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். திருந்திய குற்றவாளிகளைக் கௌரவ வட்டாரக் கண்காணிப்பாளராக நியமிக்க அதில் இடம் இருந்தது. கழகத்தில் பாட்டுத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பரசுராமனுக்கு ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் மெல்லிசை என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் என்னைப் பிடித்தாராம். என்னிடமோ முந்நூறுக்கு மேல் இருக்கிறது. ஆரணி டவுனை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்ளும்வரை என் வழக்குக் கட்டு திறக்கப்படாது.

சிங்கராயரையும் கேட்டார்கள். அவர் ரொம்ப சாவகாசமாக, “எனக்கு வாணாங்க,” என்றார். “நான் கோயில்ல வாசிச்சிகினு போறேன். அந்தப் பாட்டுக்கெல்லாம் உரியவரு மேல கீறாரு. அவரு வந்து புகார் குடுக்கட்டும்.”

தலைவர் பரசுராமன் பக்கம் திரும்பினார். “அவர் நம்முடைய உறுப்பினரா?”

பரசுராமன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

நான் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லையும், ஒரு கட்டுப் படிவமும் கொடுத்தார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் சிங்கராயர் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

படிவத்தில் கட்டங்கள் இருந்தன. பாடியவர் யார், என்ன பாட்டு, எந்த இடம், கேட்டவர் யார் யார், கேட்டவர் இன்புற்றாரா. ஒவ்வொரு இங்கிலீஷ் மாதமும் ஐந்தாம் தேதிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். புரட்டாசி மாதம் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினேன். அப்போதெல்லாம் நான் தெருவில் இறங்கினாலே பாட்டு நின்றுவிடும். வழக்கமாகத் தறியில் உட்கார்ந்து உரக்கப் பாடுகிறவர்கள்கூட, என் வில்லையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். தறிச் சத்தம் மட்டும் டொக் டொக் என்று கேட்கும். ஆகவே ‘இல்லை’ என்பது கிட்டத்தட்ட உண்மைதான்.

ஒரு வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. ‘ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊரில் ஒருவரும் பாடவில்லை என்றால், கண்காணிப்பாளர் செவிடராக இருக்க வேண்டும் அல்லது மறைப்பவராக இருக்க வேண்டும். செவிடர் பதவிக்குத் தகுதியற்றவர். மறைப்பவரின் பழைய கட்டு திறக்கப்படும்.’ கீழே பரசுராமன் கையெழுத்து.

குணசுந்தரிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். நான் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். ஐப்பசி மாதப் படிவத்தில் சிங்கராயர் பெயரை எழுதினேன். கண்ணமங்கலம் பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் விரலால் வாசித்தார் என்று எழுதினேன். பதவி வேண்டாம் என்றதால் அவர் கட்டு எப்படியும் திறந்துதான் கிடக்கிறது, அதில் ஒரு வரி கூடினால் அவருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பரசுராமன் வந்து சிங்கராயரின் அக்கார்டியனுக்கு அரக்கு வைத்து சீல் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு சாயங்காலம் சிங்கராயர் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“பஸ்ஸுல என் கையப் புடிச்சிகினியே,” என்றார். “எனக்காக பயந்து புடிச்சேன்னு நெனச்சிகினேன்.”

நான் நிஜமாகவே அவருக்காகத்தான் பயந்து பிடித்தேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். ஜெயிலுக்கே போயிருக்கலாம் என்று தோன்றியது. கூடவே, போகவில்லை என்கிற நிம்மதியும் இருந்தது.

ஐப்பசி கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. நான் கேட்டது அந்த ஒன்றுதான், அது கிடைத்துவிட்டது. பிறந்த அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன். மருத்துவச்சி குழந்தையை என் கையில் கொடுத்தபோது, கழகத்தின் தலைவர் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள், தேதி நாலு. மறுநாள் படிவம் வேலூர் போய்ச் சேர வேண்டும். காலை பத்து மணிக்குத் தறிமேட்டில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு, யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. குழந்தை ஏணையில் வீறிட்டு அழுதது. நான் எழுந்து போய் ஆட்டினேன். ஏதாவது பாடினால் அடங்கும் என்று தெரியும். எனக்குத் தெரிந்த தாலாட்டெல்லாம் சினிமாவில் வந்தவை. வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். குழந்தை முகம் சிவந்து இன்னும் அழுதது.

சமையல் கட்டிலிருந்து குணசுந்தரி ஈரக் கையோடு ஓடி வந்தாள். ஏணைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் நான் மேடையில் பாடியது, அவளுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. அவள் குரல் அவ்வளவு நன்றாக இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எட்டு வருடத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் ஒரு தாய் பாடுவதைக் கேட்டேன். அடுத்த நிமிடம் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது. போய்ச் சாத்தினேன். திரும்பி வந்து தறிமேட்டில் உட்கார்ந்தேன். பேனா கையில் எப்போது வந்தது என்று தெரியவில்லை.

குணசுந்தரி பாட்டை நிறுத்தவில்லை. முழுதாகப் பாடி முடித்தாள். பிறகுதான் என்னையும் பேனாவையும் பார்த்தாள்.

“எழுதிக்கோங்க,” என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “பாடனது குணசுந்தரி. எடம், நம்ம வூடு. கேட்டதுன்னு உங்க பேரயும் போடுங்க. அதோ, அதுவுந்தான் கேட்டுகினு கெடந்துது. அது பேரயும் போட்டுடுங்க.”

சொல்லிவிட்டுச் சமையல் கட்டுக்குப் போய்விட்டாள்.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘பெண், வயது பதினெட்டு நாள்’ என்று எழுதினேன். அடுத்த கட்டம், கேட்டவர் இன்புற்றாரா. எழுந்து போய் ஏணைத் துணியை விலக்கிப் பார்த்தேன். வாயைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

‘ஆம்’ என்று எழுதினேன்.